தனக்கா குளிர்ச்சி தரும், நிழல் தராது

தனக்காவைக் குறை சொன்னால் யாங்கூனில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும்தான். தனக்கா மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசுகிற பூச்சு அது, பர்மாத் தமிழர் வீடுகளில் சந்தனம் மாதிரி. கட்டையைக் கல்லில் உரசிக் குழைத்து, பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளையின் கன்னத்தில் வட்டமாக இழுத்து விடாத அம்மா உண்டா? ஆனால் இந்தக் கோடையில் "தனக்கா பூசிக்கிட்டுத்தான் டாக்டர் வெளியே போறேன், அப்புறமும் முகம் ஏன் கறுக்குது?" என்று கேட்காத நோயாளி இல்லை. பதில் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியே விடுகிறேன்.

கடைசியாகக் கேட்டவர் தெயின்ஜி சந்தைப் பக்கம் நடைபாதையில் காய்கறி விற்கும் ஒரு அக்கா. முகத்தைக் கழுவச் சொல்லிவிட்டுப் பார்த்தேன். இரண்டு கன்ன எலும்பின் மேலும், மேலுதட்டிலும் பழுப்பாக மங்கு. அதிலும் தனக்காவைத் தடிமனாக அப்பும் கன்னத்தில்தான் அடர்த்தி. வெயிலை அது தடுத்திருந்தால் அந்த வட்டமாவது வெளுத்திருக்க வேண்டாமா?

தனக்காப் பட்டையில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் மார்மெசின் என்ற பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் நாம் பூசும் பூச்சு தருவது சொற்பப் பாதுகாப்பு. அதுவும் காய்ந்து வெடித்து, வியர்வையில் கரைந்து உதிர்ந்துவிடும். நம்மை ஏமாற்றுவது அதன் குளிர்ச்சி. முகம் ஜில்லென்று இருக்கிறது, அப்படியானால் வெயில் படவில்லை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

தயவுசெய்து இந்த ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். சூடு வேறு, தோலைக் கெடுக்கும் கதிர் வேறு. உடம்புக்குத் தெரிவது சூடு மட்டுமே. புற ஊதாக் கதிர் மேலே படும்போது சுடாது, குத்தாது, எந்த அறிகுறியும் இருக்காது. காற்றடித்தாலும் அது குறையாது, சட்டை நனைந்தாலும் குறையாது. ஏப்ரல் 13 முதல் 16 வரை திஞ்சான் என்ற பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவில் நாள் முழுக்கத் தண்ணீரில் நனைந்து குளிர்ந்து நின்ற பையன்கள்தான், அது முடிந்ததும் தோள் உரிந்துபோய் என் முன்னால் உட்காருகிறார்கள். "வெயிலே தெரியலையே டாக்டர்!" தெரியாது தம்பி, அதைத்தான் சொல்கிறேன்.

மழைக்காலமும் இதே கதை. யாங்கூனில் சூரியன் வருஷத்துக்கு இரண்டு தடவை நேர் உச்சிக்கு வரும். ஒன்று மே மாதத் தொடக்கத்தில். இன்னொன்று ஆகஸ்ட் தொடக்கத்தில், அடைமழை நாட்களில். மேகம் மெல்லியதாக வெளுத்திருந்தால் கதிரில் பெரும்பகுதி கீழே வந்துவிடும். கார் கண்ணாடியையும் நம்பாதீர்கள். இங்கே ஓடுகிற கார்களில் பாதிக்கு மேல் ஸ்டியரிங் வலப்பக்கம் உள்ளவை. டாக்ஸி ஓட்டுகிறவர் யாரையாவது இரண்டு கையையும் நீட்டச் சொல்லிப் பாருங்கள். ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டினாலும் வலது கைதான் கறுத்திருக்கும்.

"நாமே கறுப்பு, நமக்கு எதுக்கு இதெல்லாம்?" கறுத்த தோலுக்கு இயற்கைப் பாதுகாப்பு உண்டு, தோல் புற்றுநோயும் நமக்குக் குறைவு. ஆனால் மங்கும், புண் ஆறிய இடத்தில் தங்கும் கறுப்பும் நம் மாதிரித் தோலில்தான் அதிகம். இன்னொன்று, இதற்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை: கறுத்த தோலில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தால் உள்ளங்காலிலோ நகத்தடியிலோ வருவதே வழக்கம். காலில் புதிதாகப் பெரிதாகிற கரும்புள்ளியைத் தீமிதித்த வடு என்று விட்டுவிடாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? காலை பத்து முதல் மூன்று வரை வெளியே நிற்பவர்கள் குடை பிடியுங்கள், அல்லது அகலமான மூங்கில் தொப்பி போடுங்கள். முழுக்கை சட்டை எந்தக் கிரீமையும் விட நல்லது, விலையும் குறைவு. சன்ஸ்கிரீன் டப்பாவில் எஸ்.பி.எஃப் (வெயில் தடுப்பு எண்) 30 இருந்தால் போதும். 30 ஏறக்குறைய 97 சதவீதம் தடுக்கும், 50 தடுப்பது 98. இந்த ஒரு சதவீதத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம். ஆனால் பொட்டு வைக்கிற மாதிரித் தொட்டுக்கொண்டால் பலன் இல்லை. இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் உள்ள சன்ஸ்கிரீன் நல்லது. அது காய்ந்த பிறகு மேலே தனக்கா பூசிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. பருவுக்கு டாக்சிசைக்ளின் சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் சீக்கிரம் சுட்டுவிடும், கூடுதல் கவனம் வேண்டும். எலுமிச்சை தேய்த்துக்கொண்டு வெயிலில் போகவே போகாதீர்கள், கொப்புளம் கிளம்பும்.

உண்மையில் எனக்குக் கோபம் தனக்கா மேல் இல்லை. மங்கு போகவில்லை என்றதும் சந்தையில் வாங்குகிற, பெயரோ சேர்மானமோ போடாத அந்த வெள்ளை டப்பா மேல்தான். இப்படிப்பட்ட கிரீம்களில் ஸ்டீராய்டோ பாதரசமோ கலந்திருக்கலாம். பத்து நாளில் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, சாதாரண வெயிலையே தாங்காமல் எரியும். மாதக்கணக்கில் பூசிவிட்டு ஒரே நாளில் நிறுத்தினாலும் முகம் வீங்கிவிடும், ஆகவே நீங்களாக எதுவும் செய்யாதீர்கள். யாரும் திட்ட மாட்டோம். தோல் மருத்துவரிடம் வரும்போது அந்த டப்பாவையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள்.