நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்னு போட்டுட்டா முடிஞ்சுதா?

வீட்ல இருந்தே புடவை, நைட்டி விக்கிற நம்மள மாதிரி ஆளுங்க ஸ்டேட்டஸ் எதை எடுத்துப் பாத்தாலும் கடைசி வரி ஒரே மாதிரிதான் இருக்கும். நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச், அன்பாக்சிங் வீடியோ (பார்சல் பிரிக்கிற வீடியோ) கட்டாயம், சிஓடி (பொருள் கைக்கு வந்ததும் பணம் குடுக்கறது) கிடையாது. எப்பவோ ஒரு அக்கா டைப் பண்ணது, அதை இன்னொரு அக்கா காப்பி பண்ணி, அவங்ககிட்ட இருந்து ரீசெல்லர் பொண்ணுங்க காப்பி பண்ணி இப்ப எல்லா குரூப்லயும் அதே வரிதான் ஓடுது. நானும் மொத ரெண்டு வருஷம் அதைத்தான் போட்டுட்டு இருந்தேன். யாராச்சும் ரிட்டர்ன் கேட்டா பதில்கூட டைப் பண்ண மாட்டேன், அந்த வரிய ரவுண்டு போட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பிருவேன், பேச்சு முடிஞ்சிடும்.

அப்படி அனுப்புனதுல ஒண்ணு இன்னைக்கும் உறுத்துது. தர்மபுரில ஒரு டீச்சரம்மா, ஆயிரத்து நானூறு ரூவா புடவை, முந்திக்குப் பக்கத்துல நூல் விட்டிருக்கு மேடம்னு ஒரே ஒரு போட்டோ போட்டாங்க. வீடியோ எங்கன்னு கேட்டேன், எடுக்கலைங்க, இதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னாங்க. ஸ்க்ரீன்ஷாட்ட அனுப்பிட்டேன். அவங்க ஒரு வார்த்தை திட்டல, ‘சரிங்க’ன்னு மட்டும் போட்டாங்க. அஞ்சாறு நாள் கழிச்சு அதே டிசைன் வாங்குன வேற ஒருத்தங்க வீடியோவோட வந்தாங்க. அச்சு அசல் அதே இடம். முந்தி முடியிற எடத்துல இருந்து ஒரு முழம் உள்ள, ஊடை நூல் (குறுக்க ஓடுற நூல்) விட்டுப்போயி ஒரு விரக்கடை அகலத்துக்கு சல்லடை மாதிரி தெரியுது. பீரோல மிச்சம் இருந்த நாலையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல விரிச்சுப் பாத்தா மூணுல அதே கோளாறு. தறில வந்த பிரச்சனை, அந்தம்மா சொன்னது முழுக்க உண்மை. போன் பண்ணி மன்னிப்பு கேட்டு, பணத்தையும் கூரியர் காசையும் போட்டு விட்டேன். வாங்கிக்கிட்டாங்க, ஆனா அதுக்கப்புறம் என்கிட்ட ஒரு கர்ச்சீப் கூட வாங்கல.

அன்னைக்குதான் இந்த ரிட்டர்ன் விஷயத்துல சட்டம் என்னதான் சொல்லுதுன்னு உக்காந்து படிச்சேன். ஏழு வருஷமா சேலத்துக்குப் பக்கத்துல புடவை நெய்யிற ஊரான இளம்பிள்ளைல சரக்கு எடுத்து வித்துட்டு இருக்கேன், இதை முன்னாடியே படிச்சிருக்கணும்.

2020 ஜூலைல மின்வணிகத்துக்குன்னு தனியா நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் வந்துச்சு. அதுப்படி பொருள் டேமேஜா இருந்தாலோ, நாம விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லாம இருந்தாலோ, சொன்ன தேதிக்கு மேல லேட்டா போயி சேந்தாலோ திருப்பி எடுக்க மாட்டேன், பணம் தர மாட்டேன்னு விக்கிறவங்க சொல்ல முடியாது. வெள்ளம் புயல் மாதிரி நம்ம கைய மீறின காரணத்தால லேட்டானா அது வேற. நாம என்ன பெரிய கம்பெனியா, வாட்ஸ்அப்ல விக்கிறவங்கதானன்னு நானும் நெனச்சேன். ஆனா வீட்ல கட்டாம கெடந்த பழைய புடவைய எப்பயோ ஒரு தடவ வித்தாதான் அந்த விதி நம்மளத் தொடாது, தொடர்ந்து யாவாரமா பண்ணா தொடும். இன்னொன்னும் இருக்கு. டேமேஜ் பொருளை திருப்பி எடுத்து, பில்லுல சொன்ன நாளுக்குள்ள, பில்லுல நாளே போடலைன்னா 30 நாளுக்குள்ள பணத்த தரலைன்னா அது முறையற்ற வணிகம்னு 2019 நுகர்வோர் சட்டத்துலயே இருக்கு. ஸ்டேட்டஸ்ல நாம போடுற ஒரு வரி அதை மாத்திடாது. வாங்குனவங்க நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணலாம், அவங்க குடியிருக்குற ஊர்லயே கேஸ் போடலாம், நாம போட்ட சேலம் நீதிமன்றத்துக்கு உட்பட்டதுங்கற வரிய நம்பி உக்காந்துட்டு இருக்க முடியாது. வாங்குன பொருளோட மதிப்பு அஞ்சு லட்சம் வரைக்கும் கேஸ் ஃபீஸும் கிடையாது, ஆயிரம் ரூவா புடவைக்கு யாரு கோர்ட்டுக்குப் போவாங்கன்னு அசால்ட்டா இருக்காதீங்க.

அதே நேரம் பயந்துக்கவும் வேண்டாம். கலர் புடிக்கல, மாமியாருக்கு புடிக்கல, பக்கத்து வீட்ல கம்மி விலைக்கு வாங்கியிருக்காங்கன்னு சொல்றதுக்கெல்லாம் திருப்பி எடுத்தே ஆகணும்னு சட்டம் எதுவும் கிடையாது. நாமளா ஏழு நாள் ரிட்டர்ன்னு வாக்கு குடுத்திருந்தா மட்டும் அதைக் காப்பாத்தணும். இது தெரியாம எல்லாரையும் ஒரே மாதிரி மறுக்கறோம், இல்லைன்னா சத்தமா பேசுறவங்களுக்கு மட்டும் குடுத்துட்டு அமைதியா கேக்குறவங்கள ஏமாத்திடறோம். நான் பண்ணது மொதல்ல சொன்னது.

எனக்கு வர்ற ரிட்டர்ன்ல முக்காவாசி புடவையால வர்றது இல்லைங்க, நான் போட்ட போஸ்டால வர்றது. சாஃப்ட் சில்க்னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, இளம்பிள்ளைல அந்தப் பேர்ல எழுநூறு ரூவாய்க்கும் புடவை வரும். நமக்குத் தெரியும் அது பட்டு இல்ல, பாலியஸ்டர்னு, கடைக்காரருக்கும் தெரியும். ஆனா திருநெல்வேலில உக்காந்து போன்ல பாக்குற அம்மாவுக்கு சில்க்னா பட்டுதான். அவங்க முந்தில ஒரு நூல உருவி பத்த வச்சுப் பாப்பாங்க, பட்டுன்னா முடி கருகுற வாசம் வந்து சாம்பல் கைல பொடிஞ்சிரும், இது உருகி முத்து மாதிரி கெட்டியா நிக்கும். அப்புறம் அவங்க ரிட்டர்ன் கேட்டா அது நம்ம தப்புதான், சொன்ன மாதிரி பொருள் இல்லைங்கறதுக்கு இதை விட சாட்சி என்ன வேணும். இதுல நம்ம ஊருக்கு கூடுதல் பொறுப்பு வேற இருக்கு, சேலம் வெண்பட்டுக்கு புவிசார் குறியீடே இருக்கு, அந்தப் பேர வச்சுக்கிட்டு பாலியஸ்டர வித்தா தறி நெய்யிறவங்க சாபம் சும்மா விடாது. இப்பெல்லாம் பட்டு மாதிரி இருக்கும், பட்டு இல்லைங்கன்னு பச்சையாவே போட்டுடறேன். யாவாரம் குறையும்னு பயந்தேன், பெருசா ஒண்ணும் குறையல.

கலர் அடுத்த தலைவலி. பாவு (நெடுக்க ஓடுற நூல்) ஒரு கலர், ஊடை ஒரு கலர்னு ஓட்டுன புடவை டியூப்லைட்ல ஒண்ணு காட்டும், வெயில்ல ஒண்ணு காட்டும், கட்டி நடந்தா மூணாவதா ஒண்ணு காட்டும். காலைல எட்டு மணிக்கு மொட்டமாடி நெழல்ல ஒரு வீடியோ, ஹால்ல டியூப்லைட்ல ஒரு வீடியோன்னு ரெண்டும் போடறேன், ஃபில்டர் கிடையவே கிடையாது. கலர் பேரும் மெரூன், லாவண்டர்னு போடாம அரக்கு, வெங்காயத் தோல், மயில் கழுத்துன்னு போட்டா நம்ம ஆளுங்களுக்கு கண்ணு முன்னாடி வந்து நிக்குது. நைட்டிக்கு எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல்ங்கறத நம்பவே நம்பாதீங்க, தைக்கிற ஆளுக்கு ஆள் அது மாறும். உங்களுக்கு சரியா இருக்குற நைட்டி ஒண்ண தரைல விரிச்சு இந்த அக்குள்ல இருந்து அந்த அக்குள் வரைக்கும் எத்தன இன்ச்சுன்னு அளந்து சொல்லுங்கன்னு கேட்டு, அதுக்குப் பாத்து அனுப்பறேன். இதுக்கப்புறம் சைஸ் ரிட்டர்ன் பாதிக்கு மேல நின்னு போச்சு.

லேட் ஆகறது மலை ஊருங்களுக்கு பெரிய பிரச்சனை. ஏற்காடு என்ன, அடிவாரத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவுதான, நாளைக்கே கெடச்சிரும்னு வாய் வந்துரும். அப்படித்தான் நாகலூர்ல இருந்து ஒரு பொண்ணு வளைகாப்புக்கு கேட்டப்போ ரெண்டு நாள்ல வந்துரும் கண்ணுன்னு சொல்லிட்டேன். ஏற்காடு டவுன் வரைக்கும் போன பார்சல், அதுக்கு மேல ஊருக்குள்ள போக ஆள் இல்லாம அங்கயே கெடந்துச்சு, விசேஷம் முடிஞ்ச மறுநாள் கைக்குப் போயிருக்கு. அக்கா இனிமே இத வச்சு நான் என்ன பண்ணட்டும்னு கேட்டுச்சு. எனக்கு முதல்ல கோவம், கூரியர் லேட் பண்ணா நான் என்ன பண்றதுன்னு. யோசிச்சுப் பாத்தா தேதி சொன்னது நான்தான, கூரியர்காரர் ஒண்ணும் சொல்லலையே. பணத்த திருப்பிக் குடுத்தேன். இப்ப மலைமேல ஆர்டர்னா ஆறு நாள்னு சொல்லிடறேன், டவுன்லயே வந்து வாங்கிக்கிறீங்களான்னும் கேட்டுக்கறேன். ஆடில கோட்டை மாரியம்மன் திருவிழா சமயத்துல சேலத்துக்குள்ளயே ஒரு நாள் கூட்டித்தான் சொல்றது.

சரி, ஏமாத்துறவங்களே இல்லையான்னா, இருக்காங்க. கட்டிட்டு திருப்பி அனுப்புறவங்கதான் அதிகம். ரிட்டர்ன் பார்சல் வந்தா நான் கட்டில்ல வெள்ளை பெட்ஷீட் விரிச்சு, போன ஸ்டாண்டுல வச்சு வீடியோ ஓடவிட்டுதான் பிரிப்பேன். மொதல்ல கீழ் பார்டர் உள்பக்கம், அங்க ஃபால்ஸ் அடிச்சுப் பிரிச்சிருந்தா ஊசி ஓட்டை வரிசையா தெரியும். அப்புறம் தோள்பட்டைல பின் குத்துற எடம், கொசுவத்துல பின் குத்துற எடம். புதுப் புடவைல பின் ஓட்டை எப்படி வரும்? அப்புறம் மோந்து பாக்கறது. சிரிக்காதீங்க, சாம்பிராணியும் சந்தனமும் வேர்வையும் கலந்த அந்த கல்யாண வீட்டு வாசம் எந்தக் கவர்ல போட்டு ஒட்டுனாலும் போகாது. இது எல்லாம் இருந்தா போட்டோவோட, கட்டுன புடவைய திருப்பி எடுக்க முடியாதுங்கன்னு மரியாதையா சொல்லிட்டு அவங்க செலவுலயே திருப்பி அனுப்பிடுவேன். ஆனா ஒண்ணு, ஃபால்ஸ் அடிச்சதுக்கு அப்புறம்தான் தறிக் கோளாறு கண்ணுல பட்டுச்சுன்னா அதை எடுத்துக்கத்தான் செய்யணும், அது நெஜமாவே நடக்கறதுதான், டெய்லர் விரிக்கும்போதுதான் பாதிப் பேருக்கு தெரியவே தெரியுது.

வேற புடவைய மாத்தி வச்சு ரிட்டர்ன் அனுப்புறவங்களக் கண்டுபுடிக்க எனக்கு கை குடுத்தது எடைதான். அனுப்பும்போது கவரோட 620 கிராம்னா அதை பேனால கவர் மேலயே எழுதி, கூரியர் சிலிப்போட சேத்து போட்டோ எடுத்து வச்சுருவேன், திரும்பி வர்றப்போ 480னா பிரிக்கறதுக்கு முன்னாடியே போன் பண்ணிடலாம். பேக்கிங் வீடியோவும் நம்ம பக்கம்தான் கட்டாயம் இருக்கணும், வாங்குறவங்க வீடியோ எடுத்தா நல்லதுன்னு சொல்லலாம், எடுக்கலைங்கற ஒரே காரணத்துக்காக டேமேஜ இல்லைன்னு ஆக்க முடியாது.

பணம் திருப்பிப் போடறதுல இன்னும் ஜாக்கிரதையா இருங்க. அக்கா தெரியாம ரெண்டு தடவ அனுப்பிட்டேன், ஒண்ண திருப்பி போடுங்கன்னு ஸ்க்ரீன்ஷாட் வரும், பேங்க்ல இருந்து வந்த மாதிரியே ஒரு எஸ்எம்எஸ்கூட வரும். பாஸ்புக்க, இல்ல பேங்க் ஆப்ப தொறந்து பணம் ஏறியிருக்கான்னு பாக்காம பத்து பைசா அனுப்பாதீங்க. எந்த அக்கவுண்ட்ல இருந்து வந்துச்சோ அதுக்கேதான் போகணும், தம்பி நம்பருக்குப் போடுங்கன்னா வேண்டாம். யுபிஐல பணம் வாங்கறதுக்கு பின் நம்பர் தேவையே இல்ல, பின் போடச் சொன்னாலே நம்ம பணம்தான் போகப் போகுதுன்னு அர்த்தம். மாட்டிக்கிட்டா அழுதுட்டு உக்காராம உடனே சைபர் மோசடி புகார் எண் 1930க்கு அடிங்க. ஜிஎஸ்டி இருக்குறவங்க ரீஃபண்டுக்கு கிரெடிட் நோட் (பில்லுத் தொகைய குறைச்சுக் காட்டுற சீட்டு) போட மறக்காதீங்க, இல்லைன்னா திரும்பி வந்த புடவைக்கும் சேத்து வரி கட்டிட்டு இருப்பீங்க.

ரிட்டர்ன்னு மெசேஜ் வந்ததும் நான் இப்ப அனுப்புற பதில் இது: ‘சரிங்க மா, என்னன்னு பாத்துடலாம். கோளாறு இருக்குற எடத்த பக்கத்துல ஒரு போட்டோ, புடவை முழுசா தெரியிற மாதிரி ஒண்ணு, கவர் மேல இருக்குற சிலிப்ப ஒண்ணு அனுப்புங்க. சாயந்திரம் ஆறு மணிக்குள்ள பதில் சொல்லிடறேன்.’ ஆறு மணிக்குள்ள சொல்லிடவும் செய்வேன், அது முடியாதுங்கற பதிலா இருந்தாலும் சரி.

பழைய வரிய எடுத்துட்டு ஸ்டேட்டஸ்ல கடைசியா இத போட்டிருக்கேன், வேணும்னா காப்பி பண்ணிக்கோங்க, கூரியர் காசு கணக்க மட்டும் உங்க ஊருக்கு தகுந்த மாதிரி மாத்திக்கோங்க: ‘டேமேஜ், மாத்தி அனுப்புனது, சொன்ன தேதிக்கு வராதது, இதுக்கெல்லாம் பணம் வாபஸ், கூரியர் செலவும் எங்களோடது. கலர் புடிக்கலைன்னா மூணு நாளுக்குள்ள சொல்லுங்க, வேற புடவை மாத்தித் தர்றோம், அனுப்புற செலவு உங்களோடது. கட்டுன புடவை, ஃபால்ஸ் அடிச்ச புடவை புடிக்கலைன்னா எடுக்க மாட்டோம், கோளாறுன்னா எடுப்போம்.’