மானைப் பார்க்காத கேமரா

காட்டுக்குள் ஒரு மரத்தில் இரண்டு வாரம் கட்டிவைத்திருந்த கேமராவின் மெமரி கார்டைக் கணினியில் போட்டுப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 400 படங்கள். முதல் அறுபதிலும் வெறும் புல். அப்புறம் ஒரு படத்தின் வலது ஓரத்தில் ஒரு பின்னங்காலும் வெள்ளை வாலும். தலை இல்லை, கொம்பு இருந்ததா என்று சொல்ல வழியில்லை. அடுத்த படத்தில் மறுபடியும் புல்.

வட அமெரிக்காவில் வெண்வால் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பலர், பருவம் தொடங்கச் சில மாதங்கள் இருக்கும்போதே இப்படிக் கேமரா கட்டி மான்களின் நடமாட்டத்தைக் கவனிக்கிறார்கள். டிரெயில் கேமரா என்று பெயர். புல்லையும் பாதி மானையும் பார்த்ததும் கேமராவில் கோளாறு என்றுதான் தோன்றும். பெரும்பாலும் கோளாறு எதுவும் இருக்காது. மானைப் பார்ப்பது அந்தக் கேமராவின் வேலையே இல்லை.

முன்பக்கத்தில் பால்வெள்ளை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வில்லை தெரியும். ஷட்டரைத் தட்டிவிடும் சென்சார் அதற்குப் பின்னால் இருக்கிறது. உடல் சூடுள்ள எந்த உயிரும் அகச்சிவப்புக் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கிறது. மான், மனிதன் போன்ற உயிர்களுக்கு அது 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி மிகுந்திருக்கும். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை விடாது. அதனால்தான் அந்த வில்லையை பாலிஎத்திலீனில் செய்கிறார்கள். அதன் உட்புறம் மெல்லிய வரிவரியாக இருக்கும். அந்த வரிகள் எதிரே உள்ள இடத்தை விசிறி மடிப்பு போலப் பல பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையின் சூட்டையும் சென்சார்மேல் குவிக்கின்றன.

சென்சாருக்குள் இருப்பது ஒரு படிகம். தன் வெப்பநிலை மாறும்போது மட்டும் அது சிறு மின்னூட்டத்தைத் தரும். அதில் இரண்டு துண்டுகளை எதிரெதிராக இணைத்திருப்பார்கள். வெயில் ஏறி இரண்டும் ஒரே மாதிரி சூடானால் ஒன்றை மற்றொன்று ரத்து செய்துவிடும். சூடான ஒன்று ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்குக் கடந்தால்தான் இரண்டுக்கும் இடையே வித்தியாசம் வரும், கேமரா விழிக்கும். ஆக, நகர்கிற வெப்ப வித்தியாசம் ஒன்றுதான் அதற்குத் தெரியும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிப் புதிர்கள் தாமாகவே அவிழ்ந்துவிடும். வெயிலில் காய்ந்த புல் காற்றில் ஆடினால் அதுவும் நகரும் சூடுதான். அந்த அறுபது படங்கள் அப்படி வந்தவை. நேராகக் கேமராவை நோக்கி நடந்துவரும் மான் பட்டைகளைக் குறுக்கே கடப்பதில்லை. மிக அருகில் வந்த பிறகே பதிவாகும். கடும் கோடையில் தரையும் செடியும் மானின் மேற்பரப்பு அளவுக்குச் சுட்டுக் கிடந்தால், மான் எதிரே நின்றாலும் கேமரா தூங்கும்.

பாதி மானுக்குக் காரணம் வேறு. பேட்டரியை மிச்சப்படுத்த, கேமரா பெரும்பாலான நேரம் உறக்கத்தில் இருக்கிறது. சென்சார் தட்டியதும் எழுந்து, வெளிச்சத்தைக் கணித்துப் படமெடுக்க அரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் மேய்ந்துகொண்டே போகும் மான் அதற்குள் 60 சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். பெண் மானைத் துரத்திக்கொண்டு நொடிக்கு 6 மீட்டர் ஓடும் ஆண் மான் 3 மீட்டர் தாண்டியிருக்கும். படத்தில் வால்தான் கிடைக்கும். இதற்கு விலை உயர்ந்த கேமராவைத் தேடுவதைவிட, இருப்பதைத் திருப்பிக் கட்டுவது நல்லது என்பது என் எண்ணம். தடத்துக்குச் செங்குத்தாகப் பார்க்காமல் 45 டிகிரி சாய்த்து, தடம் நீளவாக்கில் தெரியும்படி வைத்தால், மான் சட்டகத்துக்குள் அதிக நேரம் இருக்கும், பட்டைகளையும் கடக்கும். லென்ஸ் வடக்கே பார்த்தால் காலை, மாலை வெயில் நேராக விழாது. முன்னால் நிற்கும் உயரமான புல்லை அறுத்துவிடுவது இவை எல்லாவற்றையும்விட முக்கியம்.

இரவுப் படம் தனிக் கதை. ஜார்ஜ் ஷைரஸ் என்ற அமெரிக்கர், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், மிச்சிகன் மாநிலத்தில் மான்கள் நடக்கும் தடத்தில் கம்பி கட்டி, கால் பட்டதும் வெடிமருந்துப் பொடி பளீரென எரிந்து படம் விழும்படி செய்தார். 1906 ஜூலையில் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. இருட்டில் துள்ளி ஓடும் மான்களை அதற்குமுன் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. ஷைரஸும் ஒரு வேட்டைக்காரர். பிறகுதான் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தார்.

இன்று அந்தப் பொடியின் இடத்தில் அகச்சிவப்பு எல்.இ.டி. விளக்குகள். இருட்டியதும் படச் சென்சாருக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி 'டிக்' என்று ஒதுங்கும். அகச்சிவப்பு ஒளி உள்ளே நுழையும். படம் கறுப்பு வெள்ளையாக விழும். விளக்குகளில் இரண்டு வகை உண்டு. 850 நானோமீட்டர் விளக்கு எரியும்போது உற்றுப் பார்த்தால் மங்கிய சிவப்புப் பொட்டு தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அந்த அலைநீளத்தில் சிலிக்கான் சென்சாரின் கூர்மை குறைவு. படம் புள்ளிபுள்ளியாகத் தெரியும், தூரமும் எட்டாது. மானின் கண்ணில் நிறம் அறியும் செல்கள் இரண்டே வகை, நீலத்துக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று; சிவப்பு அதற்கு மங்கல்தான். அப்படியும் படத்தில் சில மான்கள் நேராக லென்ஸையே பார்த்து நிற்கும். அந்த 'டிக்' சத்தமும் மரத்தில் ஒட்டியிருக்கும் நம் வாசனையும் அதன் காதுக்கும் மூக்குக்கும் போதுமானவை. கார்டை எடுக்க அடிக்கடி போகாமல் இருப்பதும், போவதானால் மழைக்கு முன்னால் போவதும் அதனால்தான்.

படங்கள் சேர்ந்தபின் எண்ணிக்கைக்கு வரலாம். 300 படம் என்றால் 300 மான் ஆகாது. ஒரே மான் முப்பது முறை வந்திருக்கலாம். இதற்கு 1997இல் மிசிசிப்பி ஆய்வாளர்கள் வெளியிட்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஆண் மானின் கொம்பு ஆளுக்கு ஆள் வேறுபடும். கிளைகளை எண்ணி, வளைவைப் பார்த்து இது இன்ன மான் என்று பிரித்துவிடலாம். ஆண் மான்கள் விழுந்த படங்கள் 200. அவற்றில் தனித்தனி மான்கள் 20 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் படத்துக்கு 0.1 மான். பெண் மான்களைப் பிரித்தறிய அடையாளம் இல்லை. அவற்றின் படங்கள் 300 இருந்தால் அதே 0.1 ஆல் பெருக்கி 30 என்று கொள்கிறோம். ஆணும் பெண்ணும் ஒரே அளவுக்குக் கேமரா முன் வருகின்றன என்ற அனுமானத்தில்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. அந்த ஆய்வில் மக்காச்சோளம் கொட்டி மான்களை வரவழைத்தார்கள். இப்போது பல மாநிலங்கள் இரை போடுவதைத் தடுத்திருக்கின்றன. மான்கள் ஒரே இடத்தில் வாய் வைத்தால் அவற்றின் மூளையை அழிக்கும் சி.டபிள்யூ.டி. நோய் பரவும் என்பது முக்கியக் காரணம். அரிசோனா இன்னும் ஒரு படி மேலே போய், வேட்டைக்கு உதவியாக டிரெயில் கேமரா வைப்பதையே 2022 ஜனவரியிலிருந்து தடைசெய்தது. வறண்ட மாநிலம், உள்ள சில நீர்நிலைகளைச் சுற்றிக் கேமராக்கள் மொய்த்துவிட்டன. சட்டம் ஊருக்கு ஊர் மாறும். அதைப் பார்க்காமல் மரத்தில் கேமராவைக் கட்டக் கூடாது.

ஜூலை, ஆகஸ்டில் ஆண் மான்கள் சிறு கூட்டமாகச் சோயா வயல் ஓரத்தில் ஒன்றாக மேயும். கொம்பின்மேல் மென்மயிர்த் தோல் இன்னும் இருக்கும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் படம் விழும். செப்டம்பரில் பகல் குறையக் குறைய உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறும்; கொம்பு இறுகி, தோல் உரிந்து விழும்; கூட்டம் கலையும். இரண்டு மாதம் தவறாமல் வந்த பெரிய மான் ஒரு வாரத்தில் காணாமல் போய்விடும். பலர் அங்கே மனம் தளர்ந்துபோகிறார்கள். அதே வயலைப் பார்த்தபடி கேமரா இருந்தால் அக்டோபர் முழுக்கப் புல்தான் பதிவாகும். சற்று உள்ளே, தாழ்ந்த கிளைக்கு அடியில் ஆண் மான் குளம்பால் மண்ணைக் கிளறி, சிறுநீர் விட்டு, மேலே கிளையில் முகத்தைத் தேய்த்து அடையாளம் வைக்கும் இடங்கள் இருக்கும். அங்கே கட்டினால் அதே கொம்பு திரும்பத் தெரிய வாய்ப்பு உண்டு. படத்தின் அடியில் உள்ள நேரத்தைப் பாருங்கள்: இரவு 2:10. இத்தகைய இடங்களுக்கு அவை பெரும்பாலும் இருட்டில்தான் வருகின்றன. பல மாநிலங்களில் சுடுவதற்கு அனுமதியோ சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்புவரைதான். பகலில் அந்த மான் படுத்திருக்கும் புதர் இன்னும் உள்ளே இருக்கிறது. கேமராவை அந்தப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தலாம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்த பிறகு.