கோயில் திருப்பணிக்கு அரசு நிதி: குடமுழுக்கு நாள் குறிப்பதற்கு முன்

டெல்டாவில் பல கோயில் திருப்பணிகள் தப்பான முனையிலிருந்து தொடங்குகின்றன. தை அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும்போது ஊர்க்கூட்டம் போடுவார்கள். முதல் தீர்மானமே குடமுழுக்கு நாள்தான். மதிப்பீடு, அனுமதி, நிதி எல்லாம் அந்த நாளைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும். அரசுப் பணம் அந்த ஓட்டத்துக்கு வராது. வராததால் பாதியில் கடன், கடைசி மாதத்தில் சிமெண்ட், அதன்மேல் பளபளவென்று பெயிண்ட்.

முதலில் கோயில் யார் பொறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் போல இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால், கட்டடத்தில் ஊரார் கைவைக்க முடியாது. பழுதுபார்ப்பது அந்தத் துறையின் வேலை. மாநிலத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களுக்கு 1966ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. டெல்டாவின் பெரும்பாலான பெரிய கோயில்கள் 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் வருபவை. அங்கே செயல் அலுவலர், அறங்காவலர் அல்லது அறங்காவலர் இல்லாத இடத்தில் துறை நியமிக்கும் தக்கார் வழியாகத்தான் எதுவும் நகரும்.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் கோயில் சின்ன மாரியம்மன் கோயிலாகவே இருக்கட்டும், அது மத்தியப் பாதுகாப்பிலுள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் இருந்தால் புதுக் கட்டுமானத்துக்கு இடமில்லை. பழுதுபார்க்கவும் முன் அனுமதி வேண்டும். அதற்கு அடுத்த 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி, அங்கேயும் அனுமதி வாங்கித்தான் கட்ட முடியும். மத்தியத் தொல்லியல் சின்னங்கள் சட்டத்துக்கு வந்த 2010ஆம் ஆண்டுத் திருத்தம் இதைக் கறாராக்கிவிட்டது.

சரி, பணம் எங்கிருந்து வரும்? சிறு கோயில்களுக்கு அறநிலையத் துறையின் திருப்பணி நிதியுதவி இருக்கிறது. கிராமப்புறக் கோயில்கள் 1,250, ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளில் உள்ள கோயில்கள் 1,250 என ஆண்டுக்கு 2,500 கோயில்கள். கோயிலுக்கு 1 லட்சமாக இருந்த தொகை 2 லட்சமாக உயர்ந்தபோது மொத்தம் 50 கோடி ரூபாய் ஆனது. தொகை மாறக்கூடியது என்பதால் நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ஆண்டுப் பழமையான கோயில்களுக்கு 2022-23 நிதிநிலை அறிக்கையில் 100 கோடி ஒதுக்கினார்கள். இவை தவிர, வருமானம் மிஞ்சும் கோயில்களின் பணத்திலிருந்து வசதியற்ற கோயில்களுக்கு உதவ, சட்டத்தின் 97ஆம் பிரிவில் பொது நல நிதி இருக்கிறது. அப்புறம் செலவை ஏற்க முன்வரும் உபயதாரர்கள்.

2 லட்சத்தில் கோபுரம் கட்ட முடியாது. ஒழுகும் தளத்தைச் சரிசெய்யலாம், கருவறை மேலுள்ள விமானத்தில் வேரோடியிருக்கும் அரசங்கன்றை அகற்றி விரிசலை அடைக்கலாம். ஆனால் ஊர்க்காரர்கள் கேட்பது பெரும்பாலும் நுழைவாயில் வளைவும் டைல்ஸும். மழைநீர் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும் கோயிலுக்கு டைல்ஸ் எதற்கு என்று கேட்டால் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள்.

அறநிலையத் துறையின் பழங்கோயில்களில் பணியின் கருத்துரு முதலில் மண்டல அளவிலான வல்லுநர் குழுவுக்கும், அங்கிருந்து மாநில அளவிலான வல்லுநர் குழுவுக்கும் போகும். தொல்லியல், கட்டமைப்பு, ஆகமம், சிற்பம் அறிந்தவர்கள் பார்ப்பார்கள். 2021 ஜூன் 7ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களையும் பழஞ்சின்னங்களையும் காப்பது பற்றி 75 உத்தரவுகள் பிறப்பித்த பிறகு, இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க இடமில்லை. குழுக்களின் ஒப்புதலுக்குப் பின்தான் விரிவான மதிப்பீடும் நிர்வாக ஒப்புதலும். மாதக்கணக்கில் ஆகும்.

மதிப்பீடு தயாராகும்போதே உட்கார்ந்து படியுங்கள். அதில் எழுதியதற்குத்தான் பில் பாஸாகும். 'தளம் பூச்சு' என்று மட்டும் எழுதிச் சிமெண்ட் விலை போட்டிருந்தால், பிறகு ஸ்தபதி சுண்ணாம்பு கேட்கும்போது பணம் இருக்காது. பழைய செங்கல் விமானம் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிரும். ஆகவே சுண்ணாம்பு, செங்கல் தூள், கடுக்காய், வெல்லம், சாந்து புளிக்க வைக்கும் நாட்கள், அரைக்கும் கூலி எல்லாம் தனித்தனி வரியாக மதிப்பீட்டில் வர வேண்டும். கல்லைச் சுத்தம் செய்ய மணலை வேகமாகப் பீய்ச்சும் மணல் வீச்சு கூடாது. கல்வெட்டு எழுத்தின் விளிம்பை அது தின்றுவிடும்.

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் முந்தைய திருப்பணியின்போது பிராகாரத் தரையை ஒரு முழம் உயர்த்தி விட்டார்கள். கோயிலின் அடிப்பீடமான அதிட்டானத்தில் ஜகதி, குமுதம் என்ற கீழ் அடுக்குகள் அதற்குள் போய்விட்டன, அவற்றில் இருந்த கல்வெட்டு வரிகளோடு. வேலைக்கு முன் யாரும் ஒரு படம்கூட எடுக்கவில்லை. எத்தனை வரி என்று சொல்லக்கூட இப்போது ஆளில்லை. ஆகவே முதல் கல்லை நகர்த்தும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள், கல்வெட்டுகளைத் தாளில் மை ஒற்றி மைப்படி எடுக்கச் சொல்லுங்கள், பிரிக்கும் கற்களுக்கு எண் போடச் சொல்லுங்கள்.

உபயதாரர் முழுச் செலவையும் ஏற்றாலும் ஒப்புதலும் மதிப்பீடும் அவருக்கும் உண்டு. 'என் பணம், என் இஷ்டம்' செல்லாது. பணத்தை நேரே கொத்தனார் கையில் கொடுத்தால் கணக்கில் ஏறாது. ரசீது வாங்கிக்கொண்டு கோயில் கணக்கில் செலுத்தட்டும்.

பணி நடக்கும்போது, முடிந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகம்தான் உயிர். பூச்சுக்குள் மறையும் வேலையை மறைவதற்குள் அளந்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பந்ததாரர் சொல்வதுதான் அளவு. கடைசியில், நிதி உரிய வேலைக்கே செலவானது என்று பயன்பாட்டுச் சான்று கொடுக்கும்போது பில்லும் படமும் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

மேல்தள வேலையை மாசியிலிருந்து ஆவணிக்குள் முடிக்கப் பாருங்கள். ஐப்பசி அடைமழையில் காயாத சுண்ணாம்புப் பூச்சு நிற்காது. கும்பகோணம் பக்கம் துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயில் 2024இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது பெற்றது. கும்பகோணம் போனால் ஊர்க் கமிட்டியோடு ஒரு நடை போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து, தளம் காய்ந்த பிறகு பஞ்சாங்கத்தைப் பிரிக்கலாம்.