"வெளியே காலே வைக்கலை டாக்டர்"

2021 மே 23, கொரோனா இரண்டாம் அலை. நேற்றிரவு கொரோனாவோடு வந்த அம்மாவுக்கு 67 வயது. ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினால், 94ஆவது இருக்க வேண்டிய இடத்தில் 84 காட்டுகிறது, அவரோ "எனக்கு ஒண்ணுமில்ல, இவன்தான் பயப்படுறான்" என்று மகனைக் கைகாட்டுகிறார். மகன் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "ஊரடங்கு போட்டதிலிருந்து வெளியே காலே வைக்கலை டாக்டர்."

உண்மைதான், நம்புகிறேன். ஊரடங்குக்கு முந்தின நாள் எங்கே போனீர்கள் என்று கேட்டேன். மே 9, ஞாயிற்றுக்கிழமை. இரண்டு வாரத்துக்கு மளிகை, அப்படியே கறிக்கடை, அப்புறம் திறந்திருக்கிறதே என்று துணிக்கடை. 14ஆம் தேதி மகனுக்குக் காய்ச்சல், பாராசிட்டமாலில் அடங்கிவிட்டது. 17ஆம் தேதி அம்மாவுக்கு.

இந்த வாரம் இதே கதையோடு வந்த ஆறாவது குடும்பம் இது. நாளை, மே 24 முதல் தளர்வில்லாத ஊரடங்கு, அதற்காக நேற்றும் இன்றும் எல்லாக் கடைகளும் திறந்திருக்கின்றன. ட்யூட்டி முடிந்து வரும் வழியில் பார்த்த கூட்டம் அதே மே 9ஆம் தேதிக் கூட்டம். தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

எல்லாரும் கேட்பது ஒன்றுதான். "ஊரடங்கு போட்டு பத்து நாள் தாண்டியும் 21ஆம் தேதி தமிழ்நாட்டில் 36,184 பேர். அப்போ ஊரடங்கு வேஸ்ட்தானே?" இல்லை. தொலைக்காட்சியில் ஓடும் எண் நேற்று தொற்றியவர்களின் எண்ணிக்கை இல்லை. கிருமி உள்ளே போய்க் காய்ச்சல் வரச் சராசரியாக ஐந்து நாள், சிலருக்குப் பதினான்கு நாள்கூட ஆகும். "சாதாரண சளிதான்" என்று நாம் வீட்டிலேயே கஷாயம் குடிப்பது இரண்டு மூன்று நாள், டெஸ்ட் எடுத்து முடிவு வர இன்னும் ஒன்றிரண்டு நாள். கூட்டிப் பாருங்கள், 21ஆம் தேதி எண் நம்மை எந்த வாரத்துக்குக் கொண்டுபோகிறது? கடைத்தெருவில் நெருக்கியடித்து நின்ற அந்த வாரத்துக்கு. அதோடு ஒருவர் வாங்கி வந்ததை, கதவைச் சாத்திய வீட்டுக்குள் மற்ற மூன்று பேருக்கும் கொடுத்துவிடுகிறார், அதுவும் இந்தக் கணக்கில்தான் ஏறும். ஊரடங்கின் பலனை அடுத்த நாளே தேடாதீர்கள், இரண்டு வாரம் பொறுங்கள். ஐசியூவில் நெரிசல் குறைய அதற்கும் மேலே ஒரு வாரம் ஆகும்.

போன வருடமே இதைப் பார்த்தோம். ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு அடைப்பு என்றதும் 25ஆம் தேதி சென்னைக் கடைகளில் முண்டியடித்தோம். கூட்டம் குவிந்த கோயம்பேடு காய்கறிச் சந்தையைக் கடைசியில் மே 5ஆம் தேதி மூடியபோது, தொற்று ஏற்கெனவே கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று போய்ச் சேர்ந்திருந்தது.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 2020 மார்ச்சில் நான்கு மணி நேர அவகாசம் கொடுத்து நாட்டையே மூடியதில் கூலித் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் நடந்தார்கள், அந்தக் கொடுமை மறுபடி வேண்டாம். ஆனால் இரண்டு நாள் திறந்துவிடுவது அதற்குப் பரிகாரம் ஆகாது. தெருவுக்குத் தெரு காய்கறி வண்டி வரும் என்று இப்போது சொல்கிறார்கள், நல்ல ஏற்பாடு. அந்த வண்டி முதலில் நாலு நாள் தெருவில் ஓடியிருந்தால் ஜனங்கள் நம்பியிருப்பார்கள், மூட்டை மூட்டையாக வாங்கிக் குவிக்கக் கிளம்பியிருக்க மாட்டார்கள். கடை நேரத்தைக் காலை பத்து மணியோடு முடித்ததும் அப்படித்தான். நாள் முழுக்கப் பிரிந்து வந்த அதே ஆட்கள் நாலு மணி நேரத்துக்குள் வந்து நின்றார்கள்.

சரி, நேற்றும் இன்றும் வெளியே போய்விட்டீர்கள். பரவாயில்லை, இப்போது செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். உங்களுக்குத் தொற்றிவிட்டது என்றே வைத்துக்கொண்டு பத்து நாள் தனி அறையில் படுங்கள். அறை இல்லையா, வீட்டுக்குள்ளும் மாஸ்க் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், பெரியவர்களோடு உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். காய்ச்சல் வந்த அன்றே டெஸ்ட். அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்று மறைக்காதீர்கள், தயவுசெய்து. காய்கறி வண்டியைச் சுற்றி மொய்க்காதீர்கள், வீட்டுக்கு ஒருவர் போதும்.

அம்மா அப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் நாளுக்கு நான்கு முறை ஆக்ஸிஜன் பாருங்கள். 94க்குக் கீழே இறங்கினால், அவர் எழுந்து நடமாடினாலும், "ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் கூட்டி வாருங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.