மஹ்ஜர்: சொல்லும் அதன் தமிழும்

லெபனான் மலையில் பிறந்து அமெரிக்காவில் எழுதிய கலீல் ஜிப்ரானைப் பற்றி எழுதும் அரபு விமர்சகர்கள் தவறாமல் கையாளும் சொல் 'மஹ்ஜர்'. அவரை 'மஹ்ஜர் எழுத்தாளர்' என்றும், அவர் காலத்து எழுத்தை 'அதபுல் மஹ்ஜர்', அதாவது மஹ்ஜர் இலக்கியம் என்றும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் இது 'டயஸ்போரா' ஆகி, அங்கிருந்து தமிழுக்கு வரும்போது 'புலம்பெயர்ந்தோர்' ஆகிவிடுகிறது. இப்படிக் கைமாறி வந்ததில் சொல்லின் பாதிப் பொருள் உதிர்ந்து போனது. மஹ்ஜர் ஆட்களைக் குறிக்கும் சொல் அல்ல. அது இடப்பெயர்.

இதன் வேர் ஹ-ஜ-ர் என்ற மூன்று எழுத்து. விட்டு நீங்குதல், விலகிப் போதல் என்று பொருள். இந்த வேரைத் தமிழர்களுக்கு ஏற்கெனவே தெரியும். நபிகள் நாயகம் 622இல் மக்காவை விட்டு மதீனாவுக்குப் போனது ஹிஜ்ரத். அதிலிருந்து கணக்கிடும் ஆண்டு ஹிஜ்ரி. அப்படிப் போனவர்கள் முஹாஜிர்கள். அரபியில் வேருக்கு முன்னால் 'ம' சேர்ந்தால் பல நேரம் அந்தச் செயல் நடக்கும் இடம் கிடைத்துவிடும். ஸஜ்தா, அதாவது நெற்றியைத் தரையில் பதித்து வணங்குதல், செய்யும் இடம் மஸ்ஜித், பாடம் படிக்கும் இடம் மத்ரஸா, எழுதப் பழகும் இடம் மக்தப். அதே அச்சில் வார்த்த சொல்தான் மஹ்ஜர்: ஊரை விட்டவர்கள் போய்ச் சேர்ந்த இடம். போய் வாழும் இடத்துக்கு, விட்டு வந்ததை வைத்தே பெயர் சூட்டியிருக்கிறார்கள். இதை மொழிபெயர்க்கும்போது கைநழுவ விடக்கூடாது.

இந்தப் பொதுச்சொல் ஒரு தனி வரலாற்றைச் சுமக்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். அப்போது லெபனான் என்ற நாடு இல்லை; உதுமானிய (துருக்கி) பேரரசுக்கு உட்பட்ட லெபனான் மலைப்பகுதி மட்டும் இருந்தது. அங்கே மல்பெரி வளர்த்துப் பட்டு நூல் எடுத்து பிரான்சின் லியோன் நகர ஆலைகளுக்கு அனுப்பிப் பிழைத்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் சீன, ஜப்பானியப் பட்டு மலிவாக ஐரோப்பாவுக்கு வந்து இறங்கியது. மலையில் வருமானம் ஆட்டம் கண்டது. 1860இல் நடந்த மதக் கலவரத்தின் காயமும் ஆறாமல் இருந்தது. நிலம் குறைவு, பிள்ளைகள் அதிகம். பெய்ரூட் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள். முதல் உலகப் போருக்குள் மலைவாழ் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறிவிட்டார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு.

போன இடங்களில் பெரும்பாலோருக்கு முதல் தொழில் தலைச்சுமை வியாபாரம்தான். சுமக்கும் பெட்டிக்குக் 'கஷ்ஷி' என்று பெயர். ஊசி, நூல், பொத்தான், பின்னல் துணி, ஜெபமாலை எல்லாம் அதில் அடங்கும். பண்ணை வீடுகளின் கதவைத் தட்டி விற்றார்கள், பெண்களும் விற்றார்கள். கையில் உதுமானியத் தாள்கள் இருந்ததால் பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் அவர்களைத் 'துர்கோ' (துருக்கியன்) என்றே அழைத்தார்கள். எந்த அரசை விட்டு வந்தார்களோ அதன் பெயரையே ஒட்டிவிட்டார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கிறது. அமெரிக்காவில் அவர்கள் 'சிரியர்கள்'. நியூயார்க்கில் மன்ஹாட்டனின் தென்முனையில் வாஷிங்டன் தெருவை ஒட்டி அவர்கள் குடியிருந்த பகுதிக்கும் 'சின்ன சிரியா' என்றே பெயர்.

மஹ்ஜர் என்ற சொல்லுக்கு இலக்கிய மணம் ஏறியது அந்தத் தெருவில்தான். 1892இல் 'கவ்கப் அமெரிக்கா' என்ற அரபு இதழ் நியூயார்க்கில் வந்தது. 1898இல் நவூம் முகர்சல் பிலடெல்பியாவில் 'அல்-ஹுதா' இதழைத் தொடங்கினார்; சில ஆண்டுகளில் அதுவும் நியூயார்க்குக்கு வந்தது. அவருடைய தம்பி சல்லூம், அச்சு எழுத்தை வரிவரியாக வார்க்கும் லைனோடைப் இயந்திரத்தை அரபுக்கு ஏற்றபடி மாற்றியமைத்தார். சொல்லில் நிற்கும் இடத்துக்கு ஏற்ப உருவம் மாறும் எழுத்துகள் அரபு எழுத்துகள். அவற்றை ஒரு விசைப்பலகைக்குள் அடக்குவது லேசான வேலை இல்லை. அரபு நாளிதழ்கள் வேகமாக அச்சாக அது வழிவிட்டது. அப்புறம் 1920இல் ஜிப்ரான் தலைமையில் 'அர்-ராபித்தா அல்-கலமிய்யா', எழுதுகோல் கழகம் என்று சொல்லலாம், புத்துயிர் பெற்றது. மிகாயில் நுஐமா, ஈலியா அபூ மாழி, நசீப் அரீழா போன்றவர்கள் அதில் இருந்தார்கள். பழைய யாப்பின் இறுக்கத்தையும் அலங்கார நடையையும் அவர்கள் தளர்த்தினார்கள். கெய்ரோவிலும் பெய்ரூட்டிலும் அது எதிரொலித்தது. 1931இல் ஜிப்ரான் இறந்து, அவர் உடல் சொந்த ஊரான பிஷர்ரிக்குப் போனது. மறு ஆண்டே நுஐமா ஊர் திரும்பினார். கழகமும் அத்தோடு முடிந்தது.

விமர்சகர்கள் இதை வடக்கு மஹ்ஜர் என்பார்கள். தெற்கு மஹ்ஜர் என்றால் தென் அமெரிக்கா. 1933இல் சாவோ பாவ்லோவில் தொடங்கிய இலக்கியக் குழு 'அந்தலூசியக் கழகம்' என்று பெயர் வைத்துக்கொண்டது. அரபு மொழி ஐரோப்பாவில் செழித்த ஸ்பெயினின் நினைவு அது. இந்தக் குழு மரபு யாப்பின் பக்கம் நின்றது. ஒரே மலையிலிருந்து கிளம்பியவர்கள், போன இடத்தால் வேறு வேறாக எழுதினார்கள். அதனால்தான் அரபியில் இடத்தின் பெயர் இலக்கியத்துக்கு அடைமொழியாக நிற்கிறது என்று நினைக்கிறேன்.

சமையலிலும் இது தெரியும். லெபனான் கிராமங்களில் கிப்பே செய்ய, ஆட்டிறைச்சியைக் கல்லுரலில் போட்டு நார் தெரியாமல் குழையும்வரை இடிப்பார்கள். புழுக்கி உலர்த்தி உடைத்த கோதுமையைச் சேர்த்துப் பிசைவார்கள். பிரேசிலில் அது 'கீபி' ஆகி, மாட்டிறைச்சியில் பொரித்து, தெருமுனைக் கடைகளில் கிடைக்கிறது. லெபனானைக் கண்ணால் காணாதவர்களுக்கும் அது அன்றாடச் சிற்றுண்டி.

இன்றைய பேச்சில் லெபனானியர்கள் வெளிநாட்டில் இருப்பவரை 'முக்தரிப்' என்கிறார்கள். மேற்கு, அந்நியம் இரண்டையும் தரும் க-ர-ப் வேரில் பிறந்தது அது. லெபனானின் வெளியுறவு அமைச்சகத்தின் பெயரிலேயே 'முக்தரிபீன்' இருக்கிறது. சமூகம் முழுவதையும் சேர்த்துச் சொல்ல 'இன்திஷார்', பரவல், என்பதும் உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'புகலிடம்' பொருந்தாது, அடைக்கலம் தேடியவர்களுக்கு உரிய சொல் அது, முதல் அலையில் போனவர்கள் பெரும்பாலும் பிழைப்புத் தேடிப் போனவர்கள். 'அயலகம்' அரசு அலுவலகத்துக்குச் சரி. ஆனால் அதில் பிரிவு இல்லை. நம்மிடம் 'புலம்பெயர்' இருக்கிறது. 'மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள்' புகாரில் கலந்து இனிது வாழ்ந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. புலம் என்றால் நிலம். பெயர்தல் என்றால் விட்டு நகர்தல். ஹ-ஜ-ர் வேரின் பொருள் இதில் அப்படியே இருக்கிறது. ஈழத்தமிழர்கள் 'புலம்பெயர் தேசம்' என்று நாள்தோறும் புழங்குகிறார்கள். மஹ்ஜருக்கு அதுவே நேர்ச்சொல் என்பேன். முக்தரிப் 'புலம்பெயர்ந்தவர்', இன்திஷார் 'புலம்பெயர் சமூகம்'. நியூயார்க், சாவோ பாவ்லோ குழுக்களைக் குறிப்பிடும்போது மட்டும் 'மஹ்ஜர் இலக்கியம்' என்றே எழுதலாம். அங்கே அது ஒரு தனி இயக்கத்தின் பெயர்.

கனடா 2023இல் சட்டம் இயற்றி நவம்பரை லெபனானிய மரபு மாதமாக அறிவித்தது. லெபனான் விடுதலை பெற்றது 1943 நவம்பர் 22. அந்த மாத விழாக்களில் தோளோடு தோள் சேர்த்துத் தரையை மிதித்து ஆடும் தப்கேயைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், ஆடுகிறவர்களைப் 'புலம்பெயர்ந்தவர்கள்' என்று எழுத வேண்டாம். அவர்களில் பலர் கனடாவிலேயே பிறந்தவர்கள். 'புலம்பெயர் தேசத்து லெபனானியர்' என்று எழுதினால் சரியாக இருக்கும்.