வெடிச் சத்தமும் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையும்

கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்களுக்குக் கல்குவாரி வெடி புதிதல்ல. சங்கு ஊதும், கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம், ஜன்னல் அதிரும், நாம் பாட்டுக்கு வேலையைப் பார்ப்போம். பல வருடங்களுக்கு முன்பு, ஒரு பள்ளியில் புதிதாகச் சேர்ந்த மூன்றாம் வகுப்புப் பெண் பிள்ளை அந்தச் சத்தம் கேட்டதும், பக்கத்துப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் குப்புறப் படுத்துவிட்டாள். வகுப்பே சிரித்தது. அவளுடைய டீச்சர் சிரிக்கவில்லை, மனநல ஆலோசகரான எனக்குப் போன் செய்தார்.

2006-இல் இலங்கையில் மறுபடி சண்டை மூண்ட பிறகு படகில் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, அங்கிருந்து இங்கே அணைக்கட்டு ஓரத்து முகாமுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். "பங்கருக்குள்ள ஓடிப் பழகின பிள்ளை, சத்தம் கேட்டால் படுத்திடும்" என்றார் அம்மம்மா. இலங்கையின் வடக்கே வன்னியில் வீட்டு வளவிலும் பள்ளிக்கூடத்திலும் பதுங்கு குழி வெட்டி வைத்திருந்த காலம் அது. அவள் உடம்பு தனக்குத் தெரிந்ததைச் சரியாகத்தான் செய்தது, ஊர்தான் மாறிவிட்டது. பக்கத்துப் பிள்ளையையும் இழுத்தாள் பாருங்கள், அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பெரிதாக எதுவும் செய்யவில்லை. குவாரியில் வெடி வைக்கும் நேரத்தை விசாரித்து, அதற்குக் கொஞ்சம் முன்னால் டீச்சர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து "இன்னும் கொஞ்ச நேரத்தில் கல் உடைப்பாங்க" என்று சொல்வார், தினமும், ஒரு நாளும் விடாமல். முதலில் டீச்சரின் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அப்புறம் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள், மூன்று மாதம் கழித்து ஒன்றாம் வகுப்பில் அழுத ஒரு வாண்டிடம் போய், "அது கல்லு உடைக்கினம், பயப்படாதேங்கோ" என்றாளாம்.

இதைத்தான் நான் விடாமுயற்சி என்பேன். போரையும் வறுமையையும் தாண்டி வந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் என்னவோ இரும்பால் செய்தவர்கள் மாதிரிப் பேசுகிறோம். ஹவாயின் காவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை 40 வயது வரை தொடர்ந்து பார்த்தவர் உளவியலாளர் எம்மி வெர்னர். வறுமை, குடும்பச் சண்டை என்று பல கஷ்டங்களோடு வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக ஆளாகியிருந்தார்கள். அவர்களில் பலருக்கும், பாட்டியோ டீச்சரோ யாரோ, கைவிடாத ஒரு பெரியவர் இருந்தார்.

அதனால் ஆசிரியர்களிடம் நான் கேட்பது, சேட்டை செய்யும் பிள்ளையைத் தானாகவே கவனித்துவிடுவீர்கள், சத்தமே இல்லாமல் எல்லாம் செய்யும் 'தங்கமான பிள்ளை'யையும் கொஞ்சம் பாருங்கள். திடீரென்று படுக்கையை நனைப்பது, அடிக்கடி வயிற்றுவலி, தூங்கப் பயப்படுவது, தம்பி தங்கையைப் பெரிய ஆள் மாதிரிப் பார்த்துக்கொள்வது, இதெல்லாம் முகாமில் மட்டுமல்ல, அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பாட்டியோடு இருக்கும் நம் தர்மபுரிப் பிள்ளைகளிடமும் நிறையப் பார்க்கிறேன். "நீ தைரியசாலி, அழக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அழுதால் பக்கத்தில் உட்காருங்கள், போதும். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் குழந்தைகளுக்கான 1098, மனநல ஆலோசனைக்கான 14416, இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

அகதிகள் முகாம் என்ற பெயரை 2021-இல் அரசு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, நல்ல காரியம். வகுப்பில் இன்னமும் 'கேம்ப் பசங்க' என்றுதான் கூப்பிடுகிறார்கள். போன வருடம் பிளஸ் டூ படிக்கும் முகாம் பையன் ஒருவன் கேட்டான், "நான் இங்கதான் பொறந்தேன், ஆனா குடியுரிமை இல்ல, அரசு வேலைக்கு எழுத முடியாது, அப்ப எதுக்கு சார் படிக்கணும்?" விடாமுயற்சி பற்றி அவனுக்கு வகுப்பெடுக்க எனக்கு வாய் வரவில்லை. தெரிந்த தனியார் வேலைகள், படிப்புகள் பற்றிக் கொஞ்சம் பேசினோம், அடுத்த சனிக்கிழமையும் வரச் சொன்னேன். வந்தான், கூட இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு.