கூன் வேறு, கோட்டம் வேறு

13 வயது மாணவி ஒருத்தியை அழைத்து வந்த தாய், “பிள்ளைக்குக் கூன் விழுது டாக்டர், நிமிர்ந்து உட்காருன்னு சொல்லியே அலுத்துப்போச்சு” என்றார். பக்கவாட்டில் பார்த்தபோது கூன் எதுவும் தெரியவில்லை. பின்னால் நின்று பார்த்தபோதுதான் வலத் தோள் உயர்ந்திருப்பது புலப்பட்டது; தாழ்ந்த இடத் தோளிலிருந்து சீருடைத் துப்பட்டா நழுவாமலிருக்க இரண்டு ஊக்குகள் குத்தப்பட்டிருந்தன.

இந்நிலைக்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். வளைந்த, கோணலான என்று பொருள்படும் ‘ஸ்கோலியோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கூன், கிரேக்க வழியில் கைஃபோசிஸ் எனப்படும் முன்வளைவாகும். மேல்முதுகில் அவ்வளைவு ஓரளவு எல்லோருக்கும் உண்டு. ஆனால் பின்னாலிருந்து பார்க்கையில் முதுகெலும்பு நேர்கோடாகவே இருக்க வேண்டும். அக்கோடு ஒருபுறம் வளைவதே ஸ்கோலியோசிஸ்; அதையும் கூன் என்று அழைப்பதால்தான் பெற்றோர் தவறான பக்கத்தில் தேடுகிறார்கள்.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமலில்லை. கோடு என்றவுடன் இன்று நேர்கோடே நினைவுக்கு வந்தாலும், கோடுதல் என்பதற்கு வளைதல், ஒருபக்கம் சாய்தல் என்றே பொருள். துலாக்கோலை உவமையாக்கி ‘ஒருபால் கோடாமை’ என்கிறது 118-ஆம் குறள்; அடுத்த குறளிலேயே ‘சொற்கோட்டம்’ வருகிறது. முதுகுக் கோட்டம் என்று நான் சீட்டில் எழுதினால் சக மருத்துவர்கள் சிரிக்கிறார்கள். நோயாளிகளுக்கோ உடனே விளங்கிவிடுகிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளை இரு கைகளையும் சேர்த்து, முழங்காலை மடக்காமல் குனியட்டும். நீங்கள் பின்னால் நின்று முதுகைப் பாருங்கள். முள்ளெலும்புகள் வளைவதோடு திருகி விலா எலும்புகளையும் இழுத்துச் செல்வதால், கோட்டம் இருந்தால் ஒருபக்கம் மேடாக எழும்பி நிற்கும். வளைவு எவ்வளவு என்று எக்ஸ்ரேயில் அளக்கும் காப் கோணம் 10 பாகையோ அதற்கு மேலோ இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்போம். வளரும் வயதில் 25 பாகையைத் தாண்டினால் பெரும்பாலும் பிரேஸ் எனும் முதுகுத் தாங்கியை அணிவிக்கிறோம். 50-ஐ நெருங்கினால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். புத்தகப் பையோ உட்காரும் விதமோ இதற்குக் காரணமல்ல. ஆகவே பிள்ளையைத் திட்டுவதால் பயனில்லை.

அந்த மாணவிக்கு 28 பாகை. வளர்ச்சி நிற்கும்வரை பிரேஸ் அணியச் சொன்னேன். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தவர்க்கும் வர வாய்ப்பு சற்று அதிகம் என்பதால், கூட வந்திருந்த தங்கையையும் குனியச் சொல்லிப் பார்த்தேன். அவள் முதுகு சமமாகவே இருந்தது.